வென்றவரை மாற்றிய வாதம்

1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய இரண்டு நாட்கள், கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில் கிறிஸ்தவமும் பௌத்தமும் ஒரே மேடையில் மோதின. கிறிஸ்தவத் தரப்பில் வெஸ்லியன் மெதடிஸ்த போதகர் டேவிட் டி சில்வாவும் உபதேசியார் சிறிமான்னவும் பேசினார்கள். பௌத்தத் தரப்புக்கு ஒருவர்தான்: கொட்டாஞ்சேனை தீபதுத்தாராம விகாரையின் மீகெட்டுவத்தே குணானந்த தேரர். ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். முதல் நாளே ஆயிரக்கணக்கில் திரண்ட கூட்டம், இரண்டாம் நாள் பத்தாயிரத்தையும் தாண்டியது. ஆன்மா என்று ஒன்று இல்லை என்றால், இந்தப் பிறவியில் செய்த வினையின் பலனை அடுத்த பிறவியில் அனுபவிப்பவன் யார், செய்தவன் ஒருவனும் அனுபவிப்பவன் வேறொருவனும் ஆகிவிட மாட்டார்களா என்று டி சில்வா கேட்டார். எல்லாம் அறிந்த கடவுள், மனிதனைப் படைத்ததற்காகப் பின்னால் மனம் வருந்தினார் என்று ஆதியாகமம் சொல்வது எப்படி, எகிப்தில் தன் மக்களின் வீடுகளைத் தெரிந்துகொள்ள அவருக்கு நிலைக்காலில் பூசிய இரத்த அடையாளம் ஏன் தேவைப்பட்டது என்று குணானந்தர் திருப்பிக் கேட்டார். பௌத்த நூல்கள் சொல்லும் மேரு மலை பற்றிப் பேச்சு வந்தபோது, நியூட்டனின் கொள்கையை மறுத்து ஆர். ஜே. மோரிசன் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூலையே அவர் சான்றாக எடுத்துக் காட்டினார். ‘சாது, சாது’ என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. கேட்டவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஒன்றுக்குக்கூட எதிர்த்தரப்பு ஏற்கும்படியான விடை வரவில்லை. மேடையேறிய மூவரும், ஏறும்போது எந்த மதத்தில் இருந்தார்களோ அதே மதத்தில்தான் இறங்கினார்கள்.

மத வாதத்தால் யாரும் மனம் மாறுவதில்லை என்று சொல்பவர்களுக்கு இதைவிட வசதியான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கையை, சிங்களத் தெற்கையும் தமிழ் வடக்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், அந்தக் கூற்று பாதிதான் உண்மை. எதிராளி மாறவில்லை என்பது பெரும்பாலும் சரி. மாறியவர் பதில் சொன்னவர். தன் மதத்தைக் காக்க எழுந்தவர், காத்து முடித்தபோது கையில் வைத்திருந்தது அவர் தாத்தா வைத்திருந்த மதமாக இல்லை. பெயர் அதேதான்; கோயிலும் விகாரையும் அதே இடத்தில்தான் இருந்தன. எதை நம்ப வேண்டும், எதை விட வேண்டும், அதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது என்ற மூன்றும் மாறிவிட்டன. மத மாற்றம் என்றவுடன் ஒரு வாசலில் வெளியேறி இன்னொரு வாசலில் நுழைவதை மட்டுமே நாம் கணக்கில் எடுப்பதால், வீட்டுக்குள்ளேயே நடந்த இந்தப் பெரிய மாற்றம் கண்ணில் படாமல் போகிறது.

முதலில், வாதம் யாரையும் மாற்றாது என்பவர்களுக்குச் சாதகமான சான்றையே எடுத்துக்கொள்வோம். 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், வட்டுக்கோட்டையில் 1823 இல் செமினரி ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே வானியலை மதப் பிரசாரத்தின் முன்னணிப் படையாகவே பயன்படுத்தினார் டேனியல் பூர். கோள்களின் ஓட்டத்தில் புராணம் பொய்த்தால் புராணம் சொல்லும் தெய்வமும் பொய்க்கும் என்பது அவருடைய கணக்கு. 1829 இல் அதற்கு ஒரு சோதனையும் வாய்த்தது. வட்டுக்கோட்டையின் புகழ்பெற்ற பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார், அந்த ஆண்டு வரவிருந்த சந்திர கிரகணத்துக்குக் கணித்த நேரமும் அளவும், பூர் கணித்தவற்றோடு ஒத்துப்போகவில்லை. ஊர் காத்திருந்தது. கிரகணம் பூரின் கணக்குப்படிதான் நடந்தது. மத வாதங்களில் இப்படி வானமே நடுவராக வந்து தீர்ப்புச் சொல்வது அபூர்வம். அப்படியும் யாழ்ப்பாணம் சைவத்தை விட்டுவிடவில்லை. பஞ்சாங்கம் வாங்குவதையும் நிறுத்தவில்லை. கணக்குப் பிசகியது என்று ஒப்புக்கொள்வதற்கும், சிவன் இல்லை என்று ஒப்புக்கொள்வதற்கும் இடையில் உள்ள தூரத்தைப் பூர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். ஒரு நம்பிக்கை தனியாக நிற்பதில்லை. அதோடு குடும்பம், திருமணம், திருவிழா, இறந்தவருக்குச் செய்யும் கடன் எல்லாம் பிணைந்திருக்கின்றன. ஒரு கிரகணம் அவற்றில் எதையும் அசைக்காது.

ஆனால் அதே யாழ்ப்பாணத்தில் அடுத்த தலைமுறையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். நல்லூரில் 1822 இல் பிறந்த ஆறுமுகம், வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பாதிரியார் பீற்றர் பேர்சிவலின் விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உதவியவர். விவிலியத்தை வரிவரியாக அறிந்த ஒரு சைவரை மிஷனே தன் செலவில் உருவாக்கிக் கொடுத்தது. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பின் வெள்ளிதோறும் பிரசங்கம் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ பட்டம் அளித்தது. சென்னையிலிருந்து அச்சியந்திரம் வந்தது. 1854 இல் ‘சைவதூஷண பரிகாரம்’ வெளிவந்தது.

அந்த நூலின் வாத முறையைச் சற்று அருகில் போய்ப் பார்ப்பது பயன் தரும். விளக்கேற்றுவது, தூபம் காட்டுவது, நைவேத்தியம் வைப்பது, தீட்டுக் கழிப்பது, புண்ணிய காலம் குறிப்பது எல்லாம் அஞ்ஞானம் என்று மிஷன் துண்டுப்பிரசுரங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. நாவலர் பழைய ஏற்பாட்டைத் திறந்தார். மோசேக்குக் கடவுள் கட்டளையிட்டதாகச் சொல்லப்படும் ஆசரிப்புக் கூடாரத்தில் விளக்கு உண்டு, தூபம் உண்டு, படைக்கும் அப்பம் உண்டு, பலி உண்டு, அபிஷேக எண்ணெய் உண்டு, தீட்டு விதி உண்டு. உங்கள் கடவுள் கேட்டபோது பரிசுத்தமானது, எங்கள் கடவுள் கேட்டால் மட்டும் மூடத்தனமாவது எப்படி என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். வாதத்தில் இது பலமான அடி. ஆனால் அடி விழுந்த கணத்திலேயே அடித்தவரின் நிலையும் மாறியது. ஒரு கிரியை சரி என்பதற்கு இனி ‘எங்கள் ஊரில் இப்படித்தான்’ என்ற விடை போதாது. மிஷனரிக்கு வேதம் இருப்பதுபோல் சைவனுக்கு ஆகமம் இருக்கிறது, எல்லாக் கிரியைக்கும் அங்கே விதி இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். அப்படிக் காட்ட ஒப்புக்கொண்டவர், விதி இல்லாதவற்றை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

நாவலர் தப்ப முயலவில்லை. அதுதான் அவருடைய நேர்மை. சிறு தெய்வக் கோயில்களில் ஆடும் கோழியும் பலியிடுவதை அவர் கடுமையாகக் கண்டித்தார். ஈழத் தமிழர் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டுவந்த கண்ணகி வழிபாட்டை, ஆகமத்தில் இடமில்லாத சமண வணிகப் பெண்ணின் வழிபாடு என்று ஒதுக்கினார். கோயில்களில் தேவதாசியர் ஆட்டத்தை எதிர்த்தார். தாம் பிறந்த ஊரின் பெருமையான நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையே, கருவறையில் விக்கிரகத்துக்குப் பதிலாக வேல் வைத்து வழிபடுவது உட்பட, ஆகமத்துக்கு மாறாக நடப்பதாகக் குற்றம் சாட்டி எழுதினார். கோயில் நடத்துபவர்களோடு அவருக்கு ஏற்பட்ட பகை, பாதிரிமாரோடு இருந்த பகையைவிடக் குறைந்ததல்ல. 1872 இல் வெளியிட்ட ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ முழுக்க முழுக்கச் சைவர்களை நோக்கியே பேசுகிறது. பாதிரியார் கேட்ட கேள்வியைக் கடைசியில் நாவலர் தம் மக்களிடம் கேட்டார். பதில்கள் வேறு, ஆனால் கேள்வி கைமாறிவிட்டது.

இதெல்லாம் வெளிப்புற ஏற்பாடுதானே, பள்ளிக்கூடமும் அச்சகமும் பிரசங்கமும் வந்ததால் நம்பிக்கை மாறியது என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்கலாம். நாவலரின் ‘சைவ வினாவிடை’யை நினைத்துப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தெளியும். சைவ சமயத்தைக் குழந்தை ஒன்று கேள்வியும் பதிலுமாக மனப்பாடம் செய்யலாம் என்பது சைவத்துக்குள் வந்த புதிய எண்ணம். அதற்குமுன் சாதாரணச் சைவன் ஒருவனுக்குச் சமயம் என்பது செய்வது: விரதம் இருப்பது, தேர் இழுப்பது, புராண படனம் கேட்பது. பதி, பசு, பாசம் என்ற முப்பொருள் பற்றிய கல்வி மடங்களுக்கும் புலவர்களுக்கும் உரியதாக இருந்தது. இன்ன கொள்கைகளை ஏற்பவன்தான் சைவன், அவற்றைத் தெரியாதவன் பெயரளவுச் சைவன் என்ற கோடு, வினாவிடை வந்தபின் ஊர்ப் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. பெரியபுராணத்தை 1852 இல் உரைநடையில் கொடுத்ததும் இதே நோக்கத்தோடுதான். படிக்கத் தெரிந்த எவரும் தம் சமயத்தை நேரே நூலில் அறியலாம், அறிய வேண்டும் என்பது லூத்தருக்குப் பின்வந்த கிறிஸ்தவம் தந்த நெருக்கடிக்குச் சைவம் கண்ட விடை. நம்பிக்கையின் உள்ளடக்கம் மட்டுமல்ல, ‘நம்புவது’ என்றால் என்ன என்பதே இங்கே மாறியிருக்கிறது.

பாணந்துறைக்குத் திரும்பினால் இதே வடிவம்தான். அந்த வாதம் திடீரென்று முளைத்ததல்ல. பத்தேகம, உதன்விட்ட, கம்பளை என்று 1860களிலிருந்து எழுத்திலும் மேடையிலும் நடந்துவந்த தொடரின் உச்சம் அது. கொட்டாஞ்சேனையில் பௌத்தருக்கென்று அச்சகமும் 1862 அளவிலேயே வந்துவிட்டது. பாணந்துறையில் பேசியவை கொழும்பில் ஆங்கிலத்தில் அச்சேறின. அதை வைத்து ஜே. எம். பீபிள்ஸ் அமெரிக்காவில் 1878 இல் ஒரு பதிப்பு வெளியிட்டார். பிரம்மஞான சபையின் கர்னல் ஒல்கொட் குணானந்தரோடு கடிதத் தொடர்பு கொண்டார். 1880 மே மாதம் ஒல்கொட்டும் பிளவாட்ஸ்கி அம்மையாரும் காலியில் வந்திறங்கி, அங்கே விகாரையில் பஞ்சசீலம் ஏற்றார்கள். மேடைக்கு முன்னால் நின்ற பத்தாயிரம் பேரில் யார் மாறினார்களோ தெரியாது. அச்சுத்தாள் வழியாக வாதம் கேட்டவர்கள் கடல் தாண்டி வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே ஒல்கொட்டின் ‘பௌத்த வினாவிடை’ வெளிவந்தது. 1885 இல் பௌத்தப் பண்டிகையான வெசாக் பொது விடுமுறையாயிற்று. 1886 இல் கொழும்பில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி பின்னால் ஆனந்தா கல்லூரி ஆனது. 1898 இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைப் போலவே பௌத்த வாலிபர் சங்கமும் எழுந்தது. அதை நிறுவிய சி. எஸ். திசாநாயக்க கத்தோலிக்கராக இருந்து பௌத்தரானவர். இப்படி உருவான சமயத்தை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர ‘புரட்டஸ்தாந்து பௌத்தம்’ என்று அழைத்தார். விகாரையைவிட நூலையும், பிக்குவைவிடக் கற்ற இல்லறத்தாரையும் முன்னிறுத்திய பௌத்தம் அது. குணானந்தர் இதையெல்லாம் வரவேற்றார் என்றும் சொல்ல முடியாது. பிற்காலத்தில் அவர் ஒல்கொட்டோடு பிணங்கினார். வாதத்தில் வென்ற மனிதரே, வெற்றி கொண்டுவந்து சேர்த்த சமயத்தைப் பார்த்து முகம் சுளிக்க நேர்ந்தது.

இன்னொரு வலுவான ஆட்சேபம் உண்டு. மதம் மாறுவதும் மாறாமல் இருப்பதும் சோறு, உத்தியோகம், ஆட்சி ஆகியவற்றால் தீர்மானிக்கப்பட்டவை. வாதம் வெறும் மேற்பூச்சு என்பார்கள். அதில் உண்மை நிறைய உண்டு. வட்டுக்கோட்டையில் உணவும் உறைவிடமும் ஆங்கிலமும் கிடைத்தன. ஆங்கிலம் அரசாங்க உத்தியோகத்துக்கு வழி. ஆனால் இந்த விளக்கம் எங்கே நின்றுபோகிறது என்பதையும் யாழ்ப்பாண வரலாறே காட்டுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் பதவிக்கு ஞானஸ்நானம் வேண்டும். திருமணமும் பிறப்பும் தேவாலயத் தோம்பில், அதாவது பதிவேட்டில், பதிய வேண்டும். அன்றைய கணக்குகளின்படி யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய எல்லாருமே கிறிஸ்தவர்கள். ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் அந்தக் கிறிஸ்தவம் கரைந்துபோயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்த ஆட்சியின் அழுத்தம் சைவத்தின் உள்ளே ஒரு கொள்கையைக்கூட மாற்றவில்லை. தோம்பில் பெயர் எழுதிக்கொண்டு வீட்டில் விரதம் பிடித்தார்கள். அமெரிக்க, வெஸ்லியன் மிஷனரிமார் கேள்வி கேட்டார்கள், அச்சடித்துக் கேட்டார்கள், சந்தையில் நின்று கேட்டார்கள். அவர்கள் சேர்த்த ஆட்கள் ஒல்லாந்தர் தோம்பில் இருந்தவர்களோடு ஒப்பிட மிகச் சிலரே. ஆனால் சைவத்தைத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்படி செய்தது அவர்களுடைய கேள்விகள்தான். கட்டாயத்துக்குப் பணிந்து நடிக்க முடியும். கேள்விக்கு அப்படி நடித்துத் தப்ப முடியாது.

எதிராளியே மாறிய நிகழ்ச்சிகளும் இல்லாமல் இல்லை. சைவதூஷண பரிகாரத்துக்கு மறுப்பாக ‘சுப்பிரதீபம்’ எழுதியவர், வட்டுக்கோட்டை செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை. சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்தவர். நாவலரின் வாதத்தை வரிக்கு வரி உடைக்க முயன்ற அந்த மனிதர் பிற்பாடு சைவத்துக்குத் திரும்பினார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த தாமோதரம்பிள்ளையும் சைவரானார். வட இந்தியாவில் எதிர்த்திசையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1854 ஏப்ரலில் ஆக்ராவில் பாதிரியார் பஃபாண்டருக்கும் ரஹ்மத்துல்லா கைரானவிக்கும் நடந்த பகிரங்க வாதத்தில் முஸ்லிம் தரப்பே வென்றது என்று பரவலாகப் பேசப்பட்டது. அந்நாட்களில் முஸ்லிம் தரப்போடு நின்ற இமாத்-உத்-தீன், 1866 இல் ஞானஸ்நானம் பெற்றார். இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று. மாறியவர்கள் வேடிக்கை பார்த்தவர்கள் அல்லர். எதிராளியின் நூலை மறுப்பதற்காகவேனும் ஊன்றிப் படித்தவர்கள். மேடையில் அல்ல, ஆண்டுகள் கழித்து மாறினார்கள். தோற்ற பக்கத்திலிருந்து வென்ற பக்கத்துக்குத் தாவினார்கள் என்றும் சொல்வதற்கில்லை. ஆக்ராவில் நேர்மாறாகவே நடந்தது. மறுக்கப் புகுந்தவன் எதிர்த்தரப்பின் கேள்வியைத் தன் தலைக்குள் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் அந்தச் சுமையோடு தம் மதத்தையே திருத்துகிறார்கள், சிலர் வெளியேறிவிடுகிறார்கள். மூலம் ஒன்றுதான்.

இந்த மாற்றம் எல்லாம் நன்மைக்கே என்று நான் சொல்ல மாட்டேன். 1883 ஈஸ்டர் ஞாயிறன்று, குணானந்தரின் கொட்டாஞ்சேனை விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கரால் தாக்கப்பட்டு, உயிரிழப்பில் முடிந்தது. வாதம் கூர்மையாக்கிய அடையாளம், தெருவில் ஆயுதமாகவும் பயன்பட்டது. கண்ணகியை ஒதுக்கிய சைவம் தூய்மையான சைவமா, ஏழ்மையான சைவமா என்பதும் திறந்த கேள்வியே. மக்கள் பாடியும் ஆடியும் வளர்த்த எத்தனையோ வழிபாடுகள், மிஷனரிக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் கீழானவை என்று முத்திரை குத்தப்பட்டன. ஆனால் நன்மையோ தீமையோ, விளைவு இருந்தது. விளைவே இல்லை என்று சொல்வதால் அந்தத் தீமைக்கான பொறுப்பிலிருந்தும் வாதிட்டவர்களை விடுவித்துவிடுகிறோம்.

வாதம் தொட்ட இடம் மாறியது என்பதற்கு எதிர்ச்சான்று, அது தொடாத இடம். யாழ்ப்பாணத்தில் தெய்வம், கிரியை, படைப்பு, முத்தி எல்லாம் அலசப்பட்ட அந்த ஐம்பது ஆண்டுகளில், சாதி சைவத்தின் உள்ளே ஒருநாளும் அப்படி அலசப்படவில்லை. மிஷன் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஆனால் மதம் மாறிய வெள்ளாளரும் சாதியை உடன் எடுத்துக்கொண்டே தேவாலயம் போனார்கள். அதனால் பாதிரியார் அந்தக் கேள்வியை அழுத்திக் கேட்கும் நிலையில் இல்லை. நாவலரின் பாடநூல்களில் தீட்டும் சாதி ஒழுக்கமும் விதிகளாகவே இடம்பெற்றன. எதிர்த்தரப்பும் தன் தரப்பும் ஒன்றாக நம்பிய ஒரு விஷயத்துக்கு ஆதாரம் காட்டும்படி யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததால் அது அசையாமல் இருந்தது. நாவலர் மறைந்து ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்குப் பிறகு, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போக வேண்டும் என்று உட்கார்ந்தார்கள். வழிமறித்து நின்றவர்களின் முன்னணியில் இருந்தவர் கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்கு வந்தது. கோயிலுக்குள் யார் வரலாம் என்ற கேள்வியை ஆகமத்தையும் வழக்கத்தையும் வைத்துச் சைவர்கள் தமக்குள் பகிரங்கமாக வாதிட்ட இடங்களில் ஒன்று அந்த வாசல்.